போட்டில் வெடிப்பு, வீட்டில் போத்தல்



தோட்டவெளியில் இருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். "எங்களுடையது வெள்ளை நிற பைபர் போட். அணியத்துக்குக் கீழே சிலந்தி வலை மாதிரிச் சின்னச் சின்ன வெடிப்புகள் விழுந்திருக்கின்றன. 'அது மேல் வெடிப்பு, ஒன்றும் செய்யாது' என்கிறார் பிள்ளைகளின் வாப்பா. 'இனி இந்தப் போட்டை நம்பிக் கடலுக்குப் போக ஏலாது' என்கிறான் என் தம்பி. கதைத்துக் கதைத்து இருவருக்கும் மனக்கசப்பும் வந்துவிட்டது. யார் சொல்வது சரி?" என்று கேட்கிறார்.

மௌலவியிடம் கேட்கும் கேள்வியா இது என்று சிலர் எண்ணலாம். என்னிடம் ஓத வரும் பிள்ளைகளில் பலர் கடல் தொழில் செய்யும் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுடைய சோறும் புத்தகமும் அந்தப் போட்டில் இருந்துதான் வருகின்றன. வாப்பா கரை திரும்பும் வரை வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பவர்களும் அவர்களுடைய உம்மாமார்தான். ஆகவே இந்தக் கேள்வி குடும்பத்தின் கேள்வி. பைபர் வேலை தெரிந்த பாஸ்மாரிடம் கேட்டும், வாசித்தும் அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

சகோதரியே, உங்கள் கணவர் சொல்வதும் சரியாக இருக்கலாம், தம்பி சொல்வதும் சரியாக இருக்கலாம். வெடிப்பு எவ்வளவு ஆழம் என்று பார்க்காத வரை இருவர் சொல்வதும் ஊகம்தான். அதைப் பார்ப்பதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. ஒரு துணி, கொஞ்சம் மை, ஒரு நாணயக் குற்றி போதும்.

தோலும் சதையும்

நம் மூத்தவர்கள் அறிந்தது மர வள்ளம். மரத்தில் வெடிப்பு வந்தால் பஞ்சு அடைப்பார்கள், கீல் பூசுவார்கள். பைபர் போட்டின் கதை வேறு. அமெரிக்காவில் ரே கிரீன் என்பவர் 1942இல் கண்ணாடி இழையையும் பொலியெஸ்டர் பிசினையும் சேர்த்து ஒரு படகு கட்டினார். இந்த வகையில் முதலில் கட்டப்பட்டவற்றுள் அதுவும் ஒன்று. நம் வடபகுதியில், 1967இல் நோர்வே நாட்டு உதவியோடு காரைநகரில் தொடங்கப்பட்ட சீநோர் நிறுவனம் இந்தப் படகுகளைப் பரவச் செய்ததில் முன்னோடி. இன்று எருக்கலம்பிட்டி, பேசாலை, தலைமன்னார் என்று மன்னார்த் தீவின் எந்தக் கரைக்குப் போனாலும் வரிசையாக நிற்பவை பைபர் போட்டுகள்தான்.

இந்தப் போட்டின் உடம்பை நம் உடம்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெளியே பளபளவென்று இருப்பது தோல். அதற்கு ஜெல்கோட் என்று பெயர். சாயம் கலந்த கெட்டியான பிசின் அது. அதன் தடிப்பு ஏறக்குறைய அரை மில்லிமீற்றர். இரண்டு தபாலட்டைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான். தோலுக்கு உள்ளே இருப்பது சதை. கண்ணாடி இழையால் ஆன மெற்றையும், பாய் போலப் பின்னிய துணியையும் அடுக்கடுக்காக வைத்து, பிசினில் ஊறவைத்து இறுக்கியது. கடலின் அடியைத் தாங்குவது இந்தச் சதை. உப்புநீரும் வெயிலும் அந்தச் சதைக்குள் இறங்காமல் காப்பது தோல்.

தோல் மட்டும் வெடித்திருந்தால் போட்டின் பலம் உடனே குறையாது. அதனால்தான் ஆண்கள் "ஒன்றும் செய்யாது" என்கிறார்கள். ஆனால் அந்த வெடிப்பு வழியே நீர் இறங்கத் தொடங்குகிறது. விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல, பிசின் சரியாக ஊறாத இடங்களில் இழை நீரை இழுக்கும். காலம் போகப் போக அடுக்குகள் ஒன்றை விட்டு ஒன்று பிரியும், சில இடங்களில் கொப்புளம் எழும். எஞ்சின் பூட்டும் பின்பக்கத்தில் உள்ளே பலகை வைத்துக் கட்டியிருந்தால் அந்தப் பலகை உக்கும். போட்டின் பாரமும் கூடும். "முன்பு நாலு பேர் தள்ளிய போட், இப்போது ஆறு பேர் தள்ளினாலும் நகருதில்லை" என்று வீட்டில் பேச்சு வந்தால் அதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். போட் நீர் குடித்திருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

வெடிப்பின் வடிவம் சொல்லும் காரணம்

ஒரு புள்ளியில் இருந்து நட்சத்திரம் போல நாலாபக்கமும் விரிந்தால், அந்த இடத்தில் அடி விழுந்திருக்கிறது. கல்லில் மோதியிருக்கலாம், நங்கூரம் விழுந்திருக்கலாம், பக்கத்துப் போட் இடித்திருக்கலாம்.

ஒன்றுக்கு ஒன்று சமமாகக் கோடு கோடாகப் போனால், அந்த இடம் வளைந்து வளைந்து நிமிர்கிறது என்று பொருள். குறுக்குப் பலகைகள் சேரும் மூலை, எஞ்சின் பூட்டும் இடம், அடிப்பகுதியின் தட்டையான பரப்பு ஆகியவற்றில் இது வரும். இழை வளைந்து கொடுக்கும், ஜெல்கோட் வளையாது, வெடிக்கும். மேலே எத்தனை முறை பூசினாலும் உள்ளே பலப்படுத்தாவிட்டால் இந்த வெடிப்புத் திரும்ப வரும்.

போட் முழுவதும் பழைய பீங்கான் கோப்பையின் பூச்சுப்போல மெல்லிய வெடிப்பு ஓடியிருந்தால், கட்டும்போதே ஜெல்கோட்டைத் தடிப்பாகப் பூசியிருக்கக்கூடும், அல்லது ஹார்டனர் கூடிப்போயிருக்கும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இலங்கையிலும் இந்தியாவிலும் ஏராளமான பைபர் போட்டுகள் அவசர அவசரமாகக் கட்டப்பட்டன. அவற்றில் தரம் குறைந்தவை பல இருந்ததை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பும் சுட்டிக்காட்டியது. பழைய போட் வாங்க நினைக்கும் குடும்பங்கள் அது எங்கே, எப்போது கட்டியது என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

நீங்களே பார்க்கலாம்

முதலில் அந்த இடத்தைச் சவர்க்காரத் தூளும் நல்ல தண்ணீரும் கொண்டு கழுவிக் காயவிடுங்கள். பிறகு பேனை மையையோ, துணிக்குப் போடும் நீலத்தையோ ஒரு துணியில் தொட்டுத் தேய்த்து, உடனே ஈரத்துணியால் துடையுங்கள். வெறும் கீறல் என்றால் நிறம் பெரும்பாலும் போய்விடும். வெடிப்பு என்றால் நிறம் உள்ளே நின்று, ஒவ்வொரு கோடும் தெளிவாகத் தெரியும். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றும் தெரிந்துவிடும்.

இரண்டாவதாக, நாணயக் குற்றியால் அந்த இடத்தையும் சுற்றுப்புறத்தையும் மெல்லத் தட்டுங்கள். நல்ல இடம் 'டக், டக்' என்று கணீரென்று சத்தம் தரும். அடுக்குகள் பிரிந்த இடம் 'பொத், பொத்' என்று மந்தமாகக் கேட்கும். சந்தையில் தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கும் நமக்கு இந்த வேறுபாடு தெரியாமல் போகாது.

மூன்றாவதாக, உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். பக்கத்து இடத்தைவிட அதிகமாக அமுங்கினால் உள்ளே பழுது.

நான்காவதாக, போட்டின் உட்பக்கத்தில் அதே இடத்தைப் பாருங்கள். அங்கேயும் வெள்ளை வெள்ளையாகக் கோடோ திட்டோ தெரிந்தால், அடி சதை வரை போயிருக்கிறது.

நான்கும் நல்லபடியாக இருந்தால் உங்கள் கணவர் சொன்னது சரி. அது மேல் வெடிப்பு, வீட்டிலேயே சரி செய்யலாம். நான்கில் ஒன்று பிழைத்தாலும் தம்பியின் பேச்சைக் கேட்டுப் போட்டைக் கரையில் நிறுத்துங்கள். அது பைபர் பாஸ் பார்க்க வேண்டிய வேலை. பழுதான இழையை முழுவதும் உரசி எடுத்து, பள்ளத்தின் விளிம்பைச் சரிவாக்கி, புது மெற்றை அடுக்கடுக்காக ஒட்ட வேண்டும். ஒரு மில்லிமீற்றர் ஆழத்துக்குப் பன்னிரண்டு மில்லிமீற்றர் அகலச் சரிவு என்பது அந்தத் தொழிலின் கணக்கு. அதைச் செய்யாமல் மேலே மட்டும் பூசித் தந்தால், அது பழுதைக் கண்ணுக்கு மறைக்குமே தவிரத் தீர்க்காது. வேலை நடக்கும்போது "சரிவு எவ்வளவு எடுத்தீர்கள்? எத்தனை அடுக்கு வைத்தீர்கள்?" என்று வீட்டார் கேட்கலாம். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

மேல் வெடிப்பைச் சரி செய்யும் முறை

காலம் முக்கியம். மன்னாரில் வாடைக்காற்றோடு மழை வரும் மாதங்களில் இந்த வேலை வேண்டாம். ஈரம் இருந்தால் பிசின் பிடிக்காது. மழைக்கு முன்னுள்ள உலர்ந்த நாட்களில், சோளகக் காற்று பலத்துத் தொழில் மந்தமாக இருக்கும்போது செய்துகொள்ளலாம். கழுவிய போட் குறைந்தது இரண்டு நாளாவது நன்றாகக் காய வேண்டும்.

முதல் வேலை, அசிட்டோன் தொட்ட துணியால் துடைப்பது. மீன் எண்ணெய், மண்ணெண்ணெய், மெழுகு எதுவும் அங்கே இருக்கக்கூடாது. அசிட்டோன் பெற்றோலைப் போலத் தீப்பற்றும். பீடி, சிகரட், அடுப்பு பக்கத்தில் ஆகாது.

அடுத்து, வெடிப்பின் மேலே அப்படியே பூசிவிடாமல், வெடிப்பைத் திறக்க வேண்டும். மயிரிழை போன்ற கோட்டுக்குள் ஜெல்கோட் இறங்காது. மேலே மட்டும் ஒட்டி நிற்கும், பிறகு அதே கோட்டில் மீண்டும் வெடிக்கும். எனவே கூரான முக்கோணச் சுரண்டியால் கோடு நெடுகச் சுரண்டி, வாய் அகன்று அடி ஒடுங்கிய சிறு வாய்க்காலாக ஆக்க வேண்டும். சுரண்டும்போது கோடு மறைந்துவிட்டால் வெடிப்புத் தோலோடு நின்றது. இழை தெரியும் வரை சுரண்டியும் கோடு மறையவில்லை என்றால் அங்கேயே நிறுத்திப் பாஸை அழையுங்கள்.

திறந்த பிறகு, சுற்றியுள்ள இடத்தை 220ஆம் இலக்க சாண்ட் பேப்பரால் மங்கலாக்கி, தூசைத் துடைத்து, மறுபடியும் அசிட்டோனால் துடைத்து உலரவிட வேண்டும்.

இப்போது கலவை. நூறு கிராம் ஜெல்கோட்டுக்கு ஒன்று முதல் இரண்டு கிராம் ஹார்டனர். ஊசி கழற்றிய சிரிஞ்சில் ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டு மில்லிலீற்றர். நம் ஊர் வெயிலுக்கு ஒன்றை ஒட்டியே இருக்கட்டும். ஒன்றுக்குக் குறைந்தால் பூச்சு முழுவதும் இறுகாது. "சீக்கிரம் காயட்டும்" என்று கூட்டி ஊற்றினால் மொறுமொறுப்பாகி மீண்டும் வெடிக்கும். டின்னில் எழுதியிருக்கும் அளவே முதன்மை, கண்மதிப்பு வேண்டாம். கலந்தது பத்துப் பதினைந்து நிமிடத்தில் இறுகத் தொடங்கும். எனவே கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். வேலையைக் காலையிலோ, வெயில் சாய்ந்த பிறகோ, நிழலில் செய்ய வேண்டும்.

கலவையை வாய்க்காலுக்குள் அழுத்தி நிரப்பி, மட்டத்தைவிடச் சற்று உயர்த்தி விடுங்கள். காயும்போது அது சுருங்கும். இன்னொரு விஷயம்: ஜெல்கோட்டின் மேற்பரப்பு காற்றுப் பட்டால் ஒட்டும் தன்மையோடு நின்றுவிடும். அதனால் வழுவழுப்பான தடித்த பிளாஸ்டிக் தாளை மேலே வைத்து, காற்றுக் குமிழ் போக நீவி ஒட்டிவிட வேண்டும். நன்றாக இறுகியதும், முடிந்தால் அடுத்த நாள், தாளை உரித்துத் தண்ணீர் தொட்டு 220, 400, 800 என்ற வரிசையில் சாண்ட் பேப்பர் தேய்த்தால், இடம் விரலுக்குத் தட்டுப்படாமல் சமமாகும்.

இரண்டு எச்சரிக்கைகள். வாகனத்துக்குப் போடும் பட்டியை நீருக்குக் கீழே வரும் இடத்தில் வைக்காதீர்கள், அது நீரை உறிஞ்சும். எபொக்சி வகைப் பசையை வைத்து அடைத்துவிட்டு அதன்மேல் ஜெல்கோட் பூசாதீர்கள், அது சரியாகப் பிடிக்காது.

அந்தச் சிறு போத்தல்

சகோதரிகளே, இனி எழுதப்போவதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமானது. போட்டைப் பற்றி வாசிக்க விருப்பம் இல்லாதவர்களும் இதை வாசியுங்கள்.

ஹார்டனர் என்பது எம்.ஈ.கே.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இரசாயனம். பார்வைக்குத் தண்ணீரைப் போலவே இருக்கும். கடையில் பெரிய கலனில் இருந்து சிறிதளவு வாங்கும்போது, கைக்குக் கிடைத்த மருந்துப் போத்தலிலோ சோடாப் போத்தலிலோ ஊற்றித் தருவதுண்டு. மிச்சம் வீட்டுக்கு வருகிறது. பெயர் எழுதாத போத்தல் சமையலறை யன்னலில் குந்துகிறது. வெயிலில் விளையாடிவிட்டுத் தாகத்தோடு ஓடிவரும் பிள்ளை என்ன செய்யும் என்று சிந்தித்துப் பாருங்கள்.

அதை விழுங்கினால் வாயும் தொண்டையும் வயிறும் வெந்து புண்ணாகும், உயிரையும் பறிக்கும். கண்ணில் ஒரு துளி பட்டாலே பார்வை போகக்கூடும். ஆகவே இவற்றை வீட்டுச் சட்டமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஹார்டனர் வீட்டுக்குள் வரக்கூடாது. வாடியில், வெயில் படாத, பூட்டுப் போட்ட பெட்டியில் இருக்கட்டும். குடிக்கும் பானத்தின் போத்தலில் ஒருபோதும் ஊற்ற வேண்டாம். பெயர் எழுதி ஒட்ட வேண்டும்.

பிசினை விரைவுபடுத்தும் ஊதா நிறக் கோபால்ட் திரவம் ஒன்று உண்டு. அதையும் ஹார்டனரையும் நேரடியாக ஒன்றோடு ஒன்று கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். கடையில் வாங்கும் பிசினிலும் ஜெல்கோட்டிலும் பெரும்பாலும் கோபால்ட் ஏற்கெனவே கலந்திருக்கும். வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கண்ணில் பட்டால் நொடியும் தாமதிக்காமல் சுத்தமான தண்ணீரை ஊற்றி, குறைந்தது பதினைந்து நிமிடம் இமையைத் திறந்து வைத்துக் கழுவ வேண்டும். பிறகு வைத்தியசாலை. விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வெந்த தொண்டை மறுபடியும் வேகும். வாயைக் கொப்பளிக்க வைத்து உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். போத்தலையும் எடுத்துச் செல்லுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். இந்த இலக்கத்தைப் பிள்ளைகளும் மனப்பாடம் செய்திருக்கட்டும்.

கலந்து மிஞ்சிய பிசின் தானாகவே சூடேறும், புகையும். அதைக் காய்ந்த கிடுகுக் குவியலிலோ குப்பையிலோ எறிந்தால் தீப்பற்றலாம். மணலில் திறந்தபடி வைத்து, முழுவதும் இறுகி ஆறிய பிறகே எறிய வேண்டும்.

உரசும்போது பறக்கும் கண்ணாடித் தூள் மூக்குக்கும் நெஞ்சுக்கும் கூடாது. கண்ணாடியும் முகமூடியும் கையுறையும் இல்லாமல் வேலை தொடங்க விடாதீர்கள். அந்த உடுப்பை உதறிவிட்டு வீட்டுக்கு வெளியே தனியாக ஊறவையுங்கள். குழந்தையின் துணியோடு சேர்த்துத் துவைத்தால் குழந்தையின் தோல் அரிக்கும். கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் பிசின் வாடை வரும் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

வெடிப்பு வராமல் இருக்க

போட்டை வெறும் மணலில் இழுக்காமல் உருளைக் கட்டை வைத்து உருட்ட வேண்டும். கரையில் நிற்கும்போது ஒரே கல்லின்மேல் பாரம் முழுவதும் இறங்காமல், பல இடங்களில் சமமாகத் தாங்கு கொடுக்க வேண்டும். நங்கூரத்துக்குக் கீழே பழைய ரயர்த் துண்டு ஒன்று போட்டால் அடி தாங்கும். மழைநீர் தேங்காமல் அடித் தக்கையைக் கழற்றிவிட வேண்டும். நீண்ட நாள் நிற்கும் போட்டுக்குக் கிடுகோ படங்கோ மூடினால் வெயிலில் ஜெல்கோட் வெளுத்து மாவாக உதிர்வது குறையும். மாதம் ஒருமுறை நாணயக் குற்றியோடு போட்டைச் சுற்றி வந்தால், பழுது சிறிதாக இருக்கும்போதே கண்ணில் படும்.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவில் இருந்து எத்தனையோ குடும்பங்கள் போட்டுகளில் ஏறித்தான் கற்பிட்டிக் கரை சேர்ந்தன. யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகு திரும்பி வந்தவர்களில் பலருக்குப் போட்டும் வலையும் மறுபடியும் கடன் பட்டு வாங்கியவை. கடன் முடிவதற்குள் போட் முடிந்துவிடக் கூடாதல்லவா? அதைவிட, அதில் ஏறிப் போகிறவர்களின் உயிர் நம்மிடம் உள்ள அமானிதம் அல்லவா?

தோட்டவெளிச் சகோதரியே, கணவரையும் தம்பியையும் ஒன்றாகக் கரைக்கு அனுப்பி, மை தேய்த்துக் குற்றியால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்து முடியும் வரை போட் கடலுக்குப் போக வேண்டாம். மற்றச் சகோதரிகள் இன்று மாலையே சமையலறை யன்னலையும், கட்டிலுக்குக் கீழேயும், வலை வைத்திருக்கும் மூலையையும் ஒருமுறை பாருங்கள். பெயர் எழுதாத போத்தல் ஏதும் இருந்தால், மஃரிபுக்கு முன் அதை வீட்டை விட்டு வெளியேற்றிவிடுங்கள்.

வஸ்ஸலாம்.